பாலும் காத்தும்

மெஷின் ஓட ஆரம்பித்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை, யாரும் பிடிக்கச் சொல்லவில்லை, அது உள்ளே படுக்கிற அறையில் மூன்று கால் கம்பி மேல் நிற்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, நான் இங்கே ஹாலில் சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், என் மூச்சு கதவிடுக்கு வழியாகப் போய் எதைக் கெடுத்துவிடப் போகிறது. ஆனாலும் பிடித்தேன். நான் விடாமல் இருந்தால்தான் பிள்ளை, உலகு, மூச்சு விடுவது கேட்கும், அந்தப் பழக்கம்தான். இழுக்கும்போது சத்தம் இல்லை. விடும்போது முடிவில் ஒரு சின்ன விசில், மாடி வீட்டில் யாரோ குக்கர் வைத்த மாதிரி. விசில் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம், உடனே குனிந்து நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்குகிறது. ஏறுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் ஒரே சீராக உறுமுகிறது, வண்டு சோற்றுப் பானைக்குள் விழுந்து சுற்றுகிற மாதிரி. காத்து சோதிக்க வந்த பெனிட்டா மேடம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து துப்பட்டாவால் கழுத்தைத் துடைக்கிறார்கள். ஃபேன் போடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, போன ராத்திரியிலிருந்தே அப்படி. "ஏம்மா, அவிச்சு எடுக்குதே, அந்த ஃபேனைக் கொஞ்சம் சுத்த விட்டா என்ன?" என்றார்கள் மதினி, முருங்கைக் கீரை உருவிக்கொண்டே. "காத்து கலங்கிடும் ஆன்ட்டி, கணக்கு தப்பாப் போயிடும்." "ஆன்ட்டியா? நாப்பது தாண்டலம்மா எனக்கு. ஏட்டி இசக்கி, கண்ணாடியக் கொண்டா பாப்போம்." பெனிட்டா மேடம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தம் வராமல், மதினி பேச்சுக்கு நான் எப்போதும் சிரிக்கிற சிரிப்பு. மதினி என்றால் அவுகளுக்கு, என் புருஷனுக்கு, அக்கா, தென்காசியிலிருந்து வந்திருக்கிறார்கள், பிள்ளையைக் கொண்டுபோக. இன்றைக்குச் சாயங்காலம் ரயில். மூலையில் பை இருக்கிறது, அதில் உலகுவின் சட்டைகள், தொப்பி, தாயத்துக் கயிறு, ஃபீடிங் பாட்டில், புதுசு, அட்டை கூடப் பிரிக்கவில்லை. நான் மட்டும் அதில் இல்லை.

பால் மறக்கடிக்க வேண்டும் என்றால் தாயைக் கண்ணில் காட்டக் கூடாது, அதுதான் வழி என்று மதினி சொல்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தானாம். ஒரு மாசம் என்னிடம் விடு, தேறிய பிள்ளையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் கஷ்டம், கெட்ட எண்ணம் இருந்தால் மனசுக்குள்ளேயாவது திட்டலாம். பிள்ளைக்கு ஓயாமல் மூச்சு இழுக்கிறது, ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வைக்கிறார்கள், முகத்தில் அந்த மூக்கு மூடியைக் கண்டாலே அலறுகிறாள், இரண்டு நாள் நன்றாக இருக்கிறாள், திரும்ப இழுக்கிறது. வேறு என்னத்தினால் இருக்கும், ஒன் பால்தான், ஒன் ஒடம்பு குளிர்ச்சி, அது பிள்ளைக்கு இறங்குது. மதினி போனில் இதைச் சொன்ன நாளிலிருந்து நான் தயிர் தொடவில்லை, வாழைப்பழம், வெள்ளரிக்காய், சுரைக்காய், இளநீர், எதுவும் இல்லை, தலைக்கு ஊற்றுவது கூட எப்போதாவது உச்சி வெயிலில். அப்படியும் இழுத்தது. அப்போ நீ இன்னும் எதையோ தின்னுத, யோசிச்சுப் பாரு என்றார்கள். யோசித்தேன். தின்ற ஒவ்வொன்றையும் யோசித்தேன், தண்ணீரைக் கூட. ஒரு நாள் யாரும் இல்லாதபோது டம்ளரில் கொஞ்சம் பீய்ச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்த மாதிரி நீலம் ஓடிக் கிடந்தது. பசும்பால் மாதிரி இல்லை. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். தித்திப்பு. லேசான, அதிகம் இல்லாத தித்திப்பு. இதிலா, இதற்குள்ளா இருக்கிறது அது, எந்த இடத்தில் இருக்கிறது, இவ்வளவு இனிப்பாக இருப்பதற்குள் எப்படி ஒளிந்திருக்கும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திருட்டுத்தனம் பண்ணியவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி பால் கொடுக்கும்போது உலகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், வாயோரத்தில் வழிந்தது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், விஷம் கொடுக்கிறவளைப் பார்த்துப் பிள்ளை சிரித்தால் எப்படி இருக்கும், அப்படி.

காத்து டெஸ்ட் அவுக ஏற்பாடு. அவுகளுக்கு ஏசி சர்வீஸ் வேலை, பெரிய ஆபீஸ்களில் குழாய்க்குள் தலையை விட்டுச் சுத்தம் பண்ணுவார்கள், அங்கே ஒரு இடத்தில் காத்து சோதிக்க வந்தவர்கள்தான் பெனிட்டா மேடம். டாக்டர் ஒரு தரம், வீட்டுல ஈரம் ஏதாவது இருக்காம்மா என்று கேட்டாராம். கேட்டாராம் என்ன, என்னிடம்தான் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்கும் விளங்கியிருக்காது, எனக்கே விளங்கவில்லை, வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எனக்குக் கழுத்து மட்டும்தான் வேலை செய்கிறது. வெளியே வந்த பிறகு அவுகளிடம் சொன்னேன், படுக்கிற அறை அலமாரிக்குள் ஒரு வாடை வருகிறது, நனைந்த சாக்கைச் சுருட்டி வைத்த வாடை, மாடி வீட்டுக் குளியலறை அதற்கு நேர் மேலேதானே இருக்கிறது என்று. அவுக அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள். குழாய்க்குள்ள இதே மாதிரி அடிக்கும் இசக்கி, பூசணம் புடிச்ச குழாய்ல. சுவரில் கறுப்போ பச்சையோ ஒன்றும் தெரியவில்லை, பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, வீட்டுக்காரர் நாங்கள் வருவதற்கு முன்னால்தான் அடித்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை. மூக்குக்குத் தெரிகிறது. மூக்கு சொன்னால் யார் கேட்பார்கள், அதுவும் என் மூக்கு. அதனால்தான் மெஷின். மெஷின் சொன்னால் மதினி கேட்பார்கள், வீட்டுக்காரர் கேட்பார். கடவுளே இந்த வீட்டுக் காத்து கெட்டதாக இருக்கட்டும். இப்படியும் ஒருத்தி வேண்டுவாளா? தான் குடியிருக்கிற வீடு, பிள்ளை படுக்கிற அறை, அது கெட்டிருக்கட்டும் என்று. ஆனால் வேண்டுகிறேன். காத்து கெட்டிருந்தால் வீட்டை மாற்றலாம். தாயை எப்படி மாற்றுவது.

இதை மதினியிடம் சொல்லியிருந்தால் காலையில் அந்தக் கூத்து நடந்திருக்காது. டெஸ்ட் பண்ண ஆள் வருகிறது என்றதும் மதினிக்குப் பொண்ணு பார்க்க ஆள் வருகிற மாதிரி ஆகிவிட்டது. விடியும்போதே எழுந்து ஹாலைப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, தணலைக் கிளறிச் சாம்பிராணியை அள்ளிப் போட்டார்கள். புகை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. சாம்பிராணி, ஊதுவத்தி, தாளிப்பு எதுவும் ஆகாது என்று அவுக என்னிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று, வேண்டாம் மதினி, என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வாய்க்குள்ளே. வெளியே வந்தது, "மதினி..." அவ்வளவுதான். "என்னட்டி? வாரவுக மூக்குக்கு மணமா இருக்க வேண்டாமா? நல்ல காத்துன்னு எழுதிட்டுப் போட்டும்." பெனிட்டா மேடம் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கினார்கள். "சாம்பிராணி போட்டீங்களா?" "ஆமாம்மா, சுத்தமான சாம்பிராணி, குற்றாலத்துல வாங்கினது," என்று மதினி பெருமையாகச் சொன்னார்கள். "போச்சு ஆன்ட்டி. ஹால்ல எடுத்தா மெஷின் கண்ணாடி பூராப் புகைதான் ஒட்டும், பின்னாடி இருக்கறது தெரியாது." முடிந்தது, கிளம்பிவிடுவார்கள், சாயங்காலம் ரயில். அவர்கள் என்னைப் பார்த்து, "சிஸ்டர், பெட்ரூம் கதவு மூடித்தானே இருந்துச்சு?" என்றார்கள். தலையை ஆட்டினேன், இந்தத் தரம் பலமாக, மேலும் கீழும், பிள்ளையே குலுங்குகிற மாதிரி. அந்தக் கதவு இடுக்கில் ராத்திரியே பழைய துண்டைச் சுருட்டி அடைத்திருந்தேன், யாரும் சொல்லாமலே. "அப்போ அங்க மட்டும் எடுப்போம். வாசனை எங்கயாவது தெரியுதா உங்களுக்கு?" வாயைத் திறந்தேன். மோவாயால் அலமாரியைக் காட்டினேன். அது போதும் என்கிற மாதிரி அவர்கள் கம்பியை அலமாரிப் பக்கமாக நகர்த்தி வைத்தார்கள். மெஷின் வாயில் ஒரு வட்டமான டப்பி, தாயக்கட்டை போட்டுவைக்கிற டப்பி அளவுதான், அதற்குள் பிசின் தடவிய கண்ணாடித் துண்டு. காத்தை உள்ளே இழுத்தால் மிதக்கிறதெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளுமாம், தூசி, நூல், பூசணத்து விதை. எட்டாவது அறிவியல் புத்தகத்தில் ரொட்டியில் பிடிக்கிற பூஞ்சையின் படம் இருந்தது, காம்பும் தலையுமாகக் கொத்தமல்லிப் பூ மாதிரி, அதைப் பார்த்து வரைந்து நன்று வாங்கினேன். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. அத்தனை அழகாகவா இருக்கும் என் பிள்ளை நெஞ்சுக்குள் போவது.

உறுமல் நின்றது. பெனிட்டா மேடம் உள்ளே போய் டப்பியைக் கழற்றி டேப் ஒட்டி, அதன் மேல் ஏதோ எழுதி, இன்னொரு டப்பியோடும் கம்பியோடும் வெளியே வந்தார்கள். நேரே வாசலுக்குப் போனார்கள். ஐயோ, கிளம்பிவிட்டார்களா? இல்லை, கேட்டுக்குப் பக்கத்தில் பன்னீர் மரத்தடியில் கம்பியை நட்டு மெஷினைத் திரும்ப ஓட விட்டார்கள். "அங்க என்னத்துக்கும்மா? தெருக் காத்தையா பிள்ள குடிக்குது?" என்றார்கள் மதினி கீரைக் காம்பை நீட்டி. "வெளிய எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஆன்ட்டி உள்ள இருக்கறது அதிகமா கம்மியான்னு சொல்ல முடியும். ஒண்ணை மட்டும் வச்சுட்டு ஒண்ணும் சொல்ல முடியாது." மதினி, என்னமோ போ, என்று கீரையில் குனிந்தார்கள். நான் மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் நின்று ஊரான் வீட்டுக் காத்தையெல்லாம் குடிக்கிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே. வெளியே. உலகு வெளியே எங்கே இருந்தாள், பிறந்ததிலிருந்து இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறாள், வெயில் ஆகாது, பனி ஆகாது, கண் படும். ஆஸ்பத்திரியை விட்டால் ஒரே ஒரு தரம்தான் வெளியே போனோம், மதினி மகள் சடங்குக்கு, தென்காசிக்கு, பால்தான் காரணம் என்று மதினி சொல்வதற்கு முன்னால். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். அந்த ஐஸ்கிரீம். பந்தி முடிகிற நேரத்தில் மதினி என்னை இழுத்து உட்கார வைத்து, பச்ச ஒடம்புக்காரி வயிறு காய விடலாமா, தின்னுட்டி, தின்னுட்டி என்று இலையை நிரப்பினார்கள், தயிர்ச்சோறு, பழம், கடைசியில் கப்பில் ஐஸ்கிரீம். சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் ருசித்தது, சப்புக் கொட்டித் தின்றேன், இன்னொன்றும் வாங்கினேன், தூணுக்குப் பின்னால் போய்த் தின்றேன். அப்புறம் இங்கே வந்து பிள்ளைக்கு இழுத்த ராத்திரியெல்லாம் அந்தக் கப்புதான் என் கண் முன்னால் வந்து நிற்கும். நீ தின்றாய், அவள் படுகிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மதினி வீட்டில் எல்லாரும் வரிசையாகப் படுத்திருந்தோம், கீழே மாவு மில்லு, ஜன்னல் ஓரமெல்லாம் மாவு படிந்து கிடக்கும், தும்மல் வரும், நான் பிள்ளை எப்போது இழுக்கும் எப்போது இழுக்கும் என்று முழித்துக் கிடந்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன், கேட்டது...

என்ன கேட்டது? ஒன்றும் கேட்கவில்லை. நில்லு. ஒன்றும் கேட்கவில்லையே. உலகு வாயைத் திறந்து போட்டுத் தூங்கினாள். பயந்து நெஞ்சில் காதை வைத்தேன், உள்ளே ஓடை மாதிரி சுத்தமாக இருந்தது. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை, அங்கே இருந்த நாளெல்லாம் இல்லை, நான் தினமும் மோர் குடித்தேன், மதினி கையாலேதான் ஊற்றினார்கள். இழுக்கவே இல்லை. இது எப்படி எனக்கு இத்தனை நாள் தோன்றாமல் போனது. தோன்றாமல் என்ன, மதினிதான் சொன்னார்களே, என் கற்பூரவல்லிக் கசாயம் பண்ணின வேலை என்று, நானும் ஆமாம் என்றேன், கசாயப் பொடியைப் பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன். அதை இங்கே வந்தும் கொடுத்தேனே. அதே பொடி, அதே சங்கு. இங்கே வந்ததும் இழுக்க ஆரம்பித்துவிட்டதே. அப்படியானால் கசாயமும் அதேதான், பாலும் அதேதான். இதே பால். அன்றைக்கு டம்ளரில் நீலம் ஓடிய பால். அங்கே ஐஸ்கிரீம் தின்று மோர் குடித்து ஊறிய பாலைக் குடித்துவிட்டு வாயைத் திறந்து தூங்கினாள், இங்கே பத்தியம் கிடந்து ஊறிய பாலைக் குடித்துவிட்டு விசில் விடுகிறாள். எது மாறியது, ஊர் மாறியது, அறை மாறியது. இல்லை, அவசரப்படாதே, மாவு மில்லுக் காத்து நல்ல காத்தா? தூசிதானே? தூசியானாலும் அது காய்ந்த தூசி. எனக்கு என்ன தெரியும். மேடம் வந்து சொல்லட்டும், கண்ணாடியைப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் மதினியே புரிந்துகொள்வார்கள், நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

வெளி மெஷினும் நின்றது. பெனிட்டா மேடம் வந்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கினார்கள். மதினி மடியிலிருந்த கீரையைத் தட்டிவிட்டு எழுந்து, "என்னம்மா சொல்லுது ஒம் மெஷினு? பாஸா பெயிலா?" என்றார்கள். "இது சொல்லாது ஆன்ட்டி. டப்பி லேபுக்குப் போகணும், மைக்ராஸ்கோப்புல வச்சு எண்ணுவாங்க. நாலஞ்சு நாள் ஆகும், சார் போனுக்கே அனுப்பிடறேன்." நாலஞ்சு நாள். நான் கண்ணாடியில் கறுப்பாகத் தெரியும் என்று நினைத்தேன், சிவப்பு விளக்கு எரியும் என்று நினைத்தேன், அப்படி ஒரு மடைச்சி நான். "அது கெடக்கட்டும்," என்றார்கள் மதினி, "எங்களுக்கு ரயிலு சாயந்திரம். வந்த பெறவு பாத்துக்கிடலாம்." மேடம் செருப்பை மாட்டினார்கள். "வரேன் சிஸ்டர். பாப்பா பேர் என்ன?" "உலகம்மை," என்றேன். "பெரிய பேரு," என்று சிரித்து அவள் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. மதினி ஃபேனைப் போட்டார்கள். "அப்பாடி. ஏ இசக்கி, அந்த வேப்பெண்ணெ பாட்டில எடுத்து வையி, ராத்திரி பால் கட்டிக்கிட்டு வலிக்கும் ஒனக்கு, முருங்கைக் கீரையத் தின்னுராத, பாலு ஊறும், இது எந் தம்பிக்கு..." அதற்கு மேல் என் காதில் விழவில்லை. பிள்ளை மடியில் புரண்டு, தூக்கத்திலேயே என் சேலையைப் பிடித்தாள். "மதினி," என்றேன். "என்னட்டி?" அவ்வளவுதான், வழக்கம்போல அங்கேயே நின்றுவிடும் என்று நானே நினைத்தேன். நிற்கவில்லை. "ஒங்க வீட்டுல வச்சு இவளுக்கு இழுக்கல மதினி."

"ஆமா, கசாயம் குடுத்தம்லா." "அதே கசாயத்த இங்கயும் குடுத்தேன். இங்க கேக்கல." மதினி முறத்தை எடுக்கக் குனிந்தவர்கள் அப்படியே பார்த்தார்கள். எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் பேச்சு வந்துகொண்டே இருக்கிறது. "நான் அங்க தயிர் தின்னேன், ஐஸ்கிரீம் தின்னேன், ரெண்டு தின்னேன், நீங்கதான் தந்தீக. மோரும் தந்தீக. ராத்திரி பூரா நான் தூங்காம கேட்டுக்கிட்டே கெடந்தேன். இழுக்கல. பாலு அதே பாலுதான மதினி?" மதினி முறத்தைக் கீழேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். "ரெண்டு எதுக்குத் தின்ன?" என்றார்கள். "நல்லாருந்துச்சு." "ம்." மதினி முந்தானையை உதறிச் செருகினார்கள். "அப்போ பிள்ளைய அனுப்ப மாட்டேங்க, அப்பிடித்தான?" "இல்ல மதினி, போகட்டும். இந்த வீட்டுல இருக்க வேண்டாம். நானும் வாரேன். பாலோடதான் வருவா. அங்க வந்தும் இழுத்துச்சுன்னா நானே நிப்பாட்டிருதேன், நீங்க சொல்லவே வேண்டாம்." "வாரேன்னா? ரயில்ல எனக்கு மட்டும்தான் பெர்த்து போட்டிருக்கு. ஒனக்கு டிக்கெட்டு எங்க?" "நீங்க ரயில்ல வாங்க. நான் இவளத் தூக்கிட்டு பஸ்ல வாரேன்." மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா? தனியாவா? முக்குக் கடைக்குப் போயி கொத்தமல்லி இருக்கான்னு கேக்கத் தெரியாது ஒனக்கு. தென்காசி பஸ்ஸு எங்க நிக்கும்னு தெரியுமாட்டி?"

"தெரியாது. கேட்டுக்கிடுதேன்."

மதினி நேரே போய்ப் படுக்கிற அறைக் கதவைத் திறந்தார்கள், அலமாரிக்குள் தலையை விட்டார்கள், கொஞ்ச நேரம் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்து மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்தார்கள். மூலையிலிருந்த பையைத் திறந்து ஃபீடிங் பாட்டிலை வெளியே எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார்கள், அந்த இடத்தில் கொடியில் கிடந்த என் சேலையை உருவி மடித்துத் திணித்தார்கள். "தம்பி நாயகத்துக்குப் போனப் போடு," என்றார்கள். "ரயில்ல எனக்குள்ளத கேன்சல் பண்ணச் சொல்லு. மூணு பேரும் பஸ்லயே போவோம். ஒன்னத் தனியா விட்டா நீ கேட்டுக் கேட்டுக் கன்னியாகுமரிக்குப் போயிருவ." நான் போனை எடுத்தேன். "ஏட்டி, இன்னொண்ணும் சொல்லு அவன்ட்ட," என்று பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே மதினி சொன்னார்கள், "ஜன்னல் சீட்டாப் பாத்துப் போடச் சொல்லு. பிள்ளைக்குக் காத்து வரட்டும்."